வேறு தொழிலிலிருந்து தாதியர் துறைக்கு: ஒன்ராறியோவில் எந்த வழியால் நுழைவது?

ஊரில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ வங்கி அலுவலராகவோ இருந்துவிட்டு ஒன்ராறியோவுக்கு வந்து சேர்ந்தவரிடம், சில மாதங்களுக்குள் உறவினர் எவராவது இப்படிச் சொல்லியிருப்பார்: "முதலில் பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு உதவியாளர்) படிப்பைச் செய்யுங்கள், பிறகு படிப்படியாக நேர்ஸ் ஆகிவிடலாம்." நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் அதிலுள்ள "படிப்படியாக" என்ற சொல்லை நம்பி, கையில் பட்டம் வைத்திருப்பவர்கள்கூடப் பல ஆண்டுகளைத் தேவையின்றிச் செலவிட்டு விடுகிறார்கள்.

பி.எஸ்.டபிள்யூ., ஆர்.பி.என். எனப்படும் பதிவுபெற்ற நடைமுறைத் தாதி, ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற தாதி ஆகிய மூன்றும் வெவ்வேறு தொழில்கள். முதலாவது, முதியோரையும் நோயாளரையும் குளிப்பாட்டி, உணவூட்டி, நடமாட உதவும் பராமரிப்புப் பணி; அதற்கான சான்றிதழ்ப் படிப்பு பொதுவாக ஓராண்டுக்குள் முடிந்துவிடும். ஆர்.பி.என். ஆவதற்கு இரண்டாண்டு டிப்ளோமா வேண்டும். ஆர்.என். ஆவதற்கு 2005 முதல் ஒன்ராறியோவில் பட்டப்படிப்பு கட்டாயம். பின்னைய இரண்டுக்கும் உரிமம் வழங்குவது சி.என்.ஓ. எனப்படும் ஒன்ராறியோ தாதியர் கல்லூரி. பெயரில்தான் கல்லூரி, அங்கே வகுப்பு எதுவும் நடப்பதில்லை. அது தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. அதில் பதிவு பெறாத எவரும் தம்மைத் தாதி என்று அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஊரிலேயே தாதியாகப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தகுதி மதிப்பீடு என்ற வேறொரு பாதை இருப்பதால், அவர்கள் இங்கே சொல்லப்படுவதைப் பின்பற்றத் தேவையில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆர்.பி.என். முடித்தவர் இணைப்புப் படிப்பின் வழியாக ஆர்.என். பட்டம் பெற, முழுநேரமாகப் படித்தாலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்கு முந்திய இரண்டையும், பி.எஸ்.டபிள்யூ. படித்த காலத்தையும் கூட்டினால் ஆறு ஆண்டுகளை நெருங்கிவிடும். மாறாக, வேறு துறையில் பல்கலைக்கழகப் படிப்பு உள்ளவர்களுக்கென்றே ரொறன்ரோ பல்கலைக்கழகமும் யோர்க் பல்கலைக்கழகமும் இரண்டாண்டுத் தாதியர் பட்டம் நடத்துகின்றன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முழுப் பட்டம்கூட வேண்டியதில்லை. நான்காண்டுப் பட்டத்தில் பாதியளவு பாடங்களை முடித்திருந்தால் போதும் என்பதால், இலங்கையிலோ இந்தியாவிலோ பெற்ற மூன்றாண்டுப் பட்டம் இங்கே குறைவாக மதிப்பிடப்படுமோ என்று அஞ்சி ஒதுங்கிவிட வேண்டாம். உடற்றொழிலியல், புள்ளியியல் போன்ற முன்தேவைப் பாடங்களை மட்டும் கவனிக்க வேண்டும். வணிகவியல் படித்தவரிடம் புள்ளியியல் ஏற்கெனவே இருக்கக்கூடும், உடற்றொழிலியல் இராது. அந்த ஒரு பாடத்தைத் தனியாகப் பதிவு செய்து படித்துக்கொள்ளலாம்.

இதற்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் சான்றிதழ்களைப் பாடவாரியாக மதிப்பிடச் செய்வது. வெஸ் போன்ற நிறுவனங்கள் அதைச் செய்கின்றன என்றாலும், ஊரிலுள்ள பல்கலைக்கழகம் பெறுபேற்றுப் பத்திரத்தை நேரடியாக அனுப்பினால்தான் ஏற்கப்படும். அதற்கே மாதங்கள் பிடிக்கலாம். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கான விண்ணப்பம் முந்திய குளிர்காலத்திலேயே மூடப்பட்டுவிடும்.

அப்படியானால் ஆர்.பி.என். வழி யாருக்கு? பட்டம் இல்லாதவர்களுக்கும், இரண்டாண்டில் உரிமத்தோடு ஒழுங்கான சம்பளம் கைக்கு வந்தாக வேண்டும் என்ற குடும்பநிலை உள்ளவர்களுக்கும் அது மிக நல்ல தெரிவு. அதைத் தாழ்வாக எண்ணுவது நம்மவரிடையே உள்ள வீண் பெருமை. பள்ளியில் உயிரியல், வேதியியல் படிக்காதவர்கள் அவற்றைப் பன்னிரண்டாம் வகுப்புத் தரத்தில் வளர்ந்தோர் பள்ளியில் முடித்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பு சி.என்.ஓ. அங்கீகரித்த பட்டியலில் உள்ளதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முகவரின் வாய்மொழி போதாது. பி.எஸ்.டபிள்யூ. படிப்பையும் நான் வேண்டாமென்று சொல்லவில்லை. நோயாளியின் உடலைத் தொட்டுப் பராமரிப்பது தமக்கு இயலுமா என்று அறிய விரும்புபவருக்கு அதைவிட நேர்மையான சோதனை இல்லை. சில கல்லூரிகள் பி.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களுக்கு ஆர்.பி.என். படிப்பில் சலுகை தருகின்றன. எல்லாக் கல்லூரிகளும் தருவதில்லை.

எந்த வழியானாலும், செலவைத் தீர்மானிப்பது உங்கள் குடிவரவு நிலை. ஓசாப் எனப்படும் மாகாண மாணவர் உதவி குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் உரியது. பொதுவாக, ஒன்ராறியோவில் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வாழ்ந்திருக்கவும் வேண்டும். அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கு அது கிடைக்காது. மாகாணத்தின் வடக்கு, கிழக்கு, தென்மேற்குப் பகுதிகளிலுள்ள குறிப்பிட்ட கல்லூரிகளில் தாதியர் துறை படிப்பவர்களுக்கு, கட்டணத்தையும் புத்தகச் செலவையும் ஈடுசெய்யும் மானியம் ஒன்று 2023 இல் தொடங்கப்பட்டது. அதைப் பெற்றவர், மானியம் பெற்றுப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆறு மாதம் அந்தப் பகுதியில் பணிபுரிய வேண்டும். பிள்ளைகளின் பள்ளியும் உறவினரும் ரொறன்ரோவில் இருக்கும் குடும்பத்துக்கு இது எளிதன்று. வந்த புதிதில், எங்கும் வேரூன்றாத குடும்பத்துக்கு இது பெரிய வாய்ப்பு.

வகுப்பறையைவிட வீட்டைக் கூடுதலாக உலுக்குவது மருத்துவமனைப் பயிற்சிதான். அதற்குச் சம்பளம் கிடையாது. காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிநேரம் நீளும் நாட்கள் வரும். எந்த மருத்துவமனை என்பதையும் பெரும்பாலும் நீங்கள் தீர்மானிக்க முடியாது. அந்தக் காலத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது, வாகனத்தை யார் எடுத்துச் செல்வது என்பதைக் கணவனும் மனைவியும் விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

பயிற்சிக்கு முன் கேட்கப்படும் ஆவணங்களிலும் நம்மவருக்குச் சில தடங்கல்கள் உண்டு. பிறந்தபோது பி.சி.ஜி. ஊசி போடப்பட்டவர்களுக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை நோயில்லாமலேயே நேர்முடிவு காட்டலாம். அப்போது மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், பதற வேண்டியதில்லை. சிறுவயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், இரத்தப் பரிசோதனையின் மூலம் எதிர்ப்பாற்றலை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். இல்லாத ஊசிகளை இங்கே போட்டுக்கொள்ள வேண்டும். இவற்றுள் ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசி பல மாத இடைவெளியில் போடப்படுவது. ஆகவே குடும்ப மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசுவதற்குச் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.