கிராமத்துத் தண்ணீரும் என் வயிறும்: தன்னார்வலராக இருந்தபோது கண்ட வழி

வெளிநாட்டுக் கிராமம் ஒன்றுக்குத் தன்னார்வலராகக் கிளம்பியபோது மொழி, தனிமை பற்றி ஆளாளுக்கு எச்சரித்தார்கள். என்னைப் படுத்தியதோ வயிறு. ஊரார் குடிக்கும் ஊற்றுத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கொதிக்க வைத்தால் போதும்தான். தளதளவென்று 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலான மலை என்றால் 3 நிமிடம். ஆனால் அந்த வீட்டில் விறகு சுமப்பது வீட்டுக்கார அம்மா. எனக்காக அவர் இன்னொரு கட்டு சுமப்பது சரியாகப் படவில்லை.

அப்புறம் வெயிலுக்கு மாறினேன். நிறமில்லாத, அதிகம் கீறல் விழாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், 2 லிட்டருக்கு மிகாமல். தண்ணீரை நிரப்பி மூடித் தகரக் கூரைமேல் படுக்கவைத்தால் நல்ல வெயிலில் 6 மணி நேரம். வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் தொடர்ந்து 2 நாள். கிருமியைக் கொல்வது முக்கியமாகப் புற ஊதாக் கதிர். கலங்கல் தண்ணீருக்குள் அது ஊடுருவாது என்பதால் முந்தின இரவே தெளியவிட்டுத் துணியில் வடிகட்டிவிடுவேன். பூச்சிமருந்து மாதிரி ரசாயனம் கலந்திருந்தால் இந்த முறை உதவாது. அடைமழை நாட்களில் அடுப்புதான், வேறு வழியில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால் கைகொடுத்த கரைசல்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எதிர்பாராத லாபம் ஒன்று: கூரையில் பாட்டில்களைப் பார்த்துப் பிள்ளைகள் விசாரிக்க வந்தார்கள். அந்த ஊர்ப் பேச்சை எனக்குப் பழக்கியது அவர்கள்தான், என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே.