போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும், பெயர் வெளியே வரக்கூடாது: எப்படி?

எங்கள் பென்னாகரம் பக்கம் 'அவன் போட்டுக்கொடுக்கிற ஆள்' என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் போதும், டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். வீரப்பன் காலத்தில் இன்ஃபார்மர் என்ற சந்தேகத்துக்கே உயிர் போனது, மறுபக்கம் வீரப்பனுக்கு அரிசி கொடுத்தாயா என்று போலீஸ் அதிரடிப்படை இழுத்துக்கொண்டு போகும். 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் செத்த 22 பேரில் போலீசோடு போன ஊர்க்காரர்களும் உண்டு. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992-இல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த அரசு ஆட்கள் பெண்களுக்குச் செய்த கொடுமையை இங்கே யாரும் மறக்கவில்லை. சினிமாவிலும் இன்ஃபார்மர் காசுக்கு வாலாட்டுகிறவன்தான், அவன் செத்தால் யாரும் அழுவதில்லை.

ஆனால் பக்கத்துத் தெருவில் 15 வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டப் போகிறார்கள், ஒரு வீட்டுக்குள் ஸ்கேன் மிஷின் வைத்து ஆணா பெண்ணா என்று பார்க்கிறார்கள் என்றால் சொல்லத்தான் வேண்டும். அது துரோகம் இல்லை.

முதலில், தகவல் வேறு, புகார் வேறு. புகாரில் கையெழுத்துப் போட்டால் எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர் ஏறும், நகல் எதிர்த்தரப்புக்கும் போகும். பாதிக்கப்பட்டவர் நீங்களே என்றால் புகார்தான் கொடுக்க வேண்டும், மற்றபடி தகவல் மட்டும் போதும். குற்றத்தைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது, பாரதிய சாட்சிய சட்டம் 131-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

சட்டம் இருந்தாலும் வாய் இருக்கிறதே. நான் ஒருமுறை ஒரு கல்யாணத்தைப் பற்றி நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா என் வாசலில் நின்றார். அதிலிருந்து உள்ளூரில் வாய் திறப்பதில்லை. குழந்தைகள் விஷயம் என்றால் 1098, கஞ்சா, கள்ளச்சாராயம் என்றால் 10581, அவசரம் என்றால் 112. பெயர் சொல்ல விருப்பமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேசுவதற்கு முன்னால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: இந்த விஷயம் மொத்தம் எத்தனை பேருக்குத் தெரியும்? நாலே பேர் என்றால், உங்கள் பெயரை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். கல்யாணம் என்றால், பத்திரிகை அடித்து ஊருக்கே தெரிந்த பிறகு சொன்னால் யார் சொன்னது என்று தெரியாது, ஆனால் முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று நாளாவது இருக்க வேண்டும். எந்தக் கோயில், எத்தனை மணி, பெண் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு என்று குறிப்பாகச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தது எது, காதில் விழுந்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். வரப்புத் தகராறை மனதில் வைத்துப் பொய்த் தகவல் கொடுத்தால் அது உங்கள் மேலேயே கேஸாகும்.

அதிகாரிகள் வரும்போது வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், மச்சானிடம் கூடச் சொல்லாதீர்கள். பாராட்டி சால்வை போடுகிறோம் என்றாலும் வேண்டாம். ஒற்றனை ஊரறியச் சிறப்புச் செய்தால் ரகசியம் தானே வெளியே வந்துவிடும் என்று வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் கடைசிக் குறளாகவே வைத்திருக்கிறார்.

இன்னொன்று, இது பையன்களுக்கு. சின்னக் கேஸில் சிக்கியவனிடம் 'உன்னை விட்டுவிடுகிறேன், மத்தவங்களைப் பற்றித் தகவல் கொண்டு வா' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே தம்பி. அப்ரூவர் ஆக்கி, அதாவது கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்து, மன்னிப்புக் கொடுக்கிற அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான், ஸ்டேஷனுக்கு இல்லை. இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வாய். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது, முதலில் அங்கே பேசு, வக்கீல் வரும் வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.