ஏற்காட்டு வீட்டு வாசல்மணியிலிருந்து மின்னஞ்சலுக்குக் காணொளி

சேலத்தில் குடியிருந்துகொண்டு ஏற்காட்டில் ஒரு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு, வாசலுக்கு யார் வந்தார்கள் என்று அறிய, அலைபேசிச் செயலியின் அறிவிப்பைவிட மின்னஞ்சலே பயன்படும். விரல் பட்டாலே அறிவிப்பு மறைந்துவிடும். மின்னஞ்சலோ குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சென்று, பின்னர் தேதியை வைத்துத் தேடி எடுக்கவும் உதவும்.

வீடியோ வாசல்மணியை வாங்கும்போதே, அது ஆர்டிஎஸ்பி (காட்சியை வலையமைப்பு வழியே பிற கருவிகளுக்கு நேரலையாகத் தரும் நெறிமுறை) முறையில் காட்சியை வெளியே தருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பேட்டரியில் மட்டும் இயங்குபவை மின்சாரத்தைச் சேமிக்கப் பெரும்பாலான நேரம் உறக்கத்தில் இருப்பதால், பொதுவாக இந்த வசதியைத் தருவதில்லை. மின்கம்பி இணைப்பு உள்ளதே ஏற்றது. வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில், வீட்டுச் சாதனங்களை இணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டெண்ட் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, வாசல்மணியை அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

தானியங்கி விதியில் மூன்று படிகள் போதும்: மணி அழுத்தப்பட்டதும் 20 நொடி பதிவு செய்தல், காத்திருத்தல், அனுப்புதல். நடுப்படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எம்பி4 காணொளிக் கோப்பின் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் பதிவின் இறுதியில்தான் எழுதப்படுகிறது என்பதால், அதற்கு முன்பே அஞ்சல் கிளம்பினால் வந்து சேரும் கோப்பு திறக்காது. பதிவு தொடங்கியதிலிருந்து 25 அல்லது 30 நொடி கழித்து அனுப்பச் செய்யுங்கள். பதிவு எழுதப்படும் கோப்புறைக்கு மென்பொருளின் அமைப்பில் அனுமதி வேண்டும். கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் இல்லையென்றால் புதியது பழையதை அழித்துவிடும்.

ஜிமெயில் வழியாக அனுப்புவதானால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (செயலிகளுக்கான தனிக் கடவுச்சொல்) ஒன்றை உருவாக்கி, அஞ்சல் அனுப்பும் அமைப்பில் 587ஆம் போர்ட்டில் அதைப் பயன்படுத்த வேண்டும். அஞ்சலோடு இணைக்கும் கோப்புக்கான வரம்பு 25 எம்பி. ஆனால் அஞ்சலுக்காகக் குறியீடு மாற்றப்படும்போது கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 20 நொடிப் பதிவு 5 எம்பி, அனுப்பும்போது ஏறத்தாழ 7 எம்பி ஆகும் என்பதால் கவலையில்லை.

அசைவு கண்டாலே அனுப்பு என்று மட்டும் அமைத்துவிடாதீர்கள். ஏற்காட்டின் இரவு மூடுபனியில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டுத் திரும்புவதையும் அது அசைவென்றே எண்ணி, விடிவதற்குள் அஞ்சல்பெட்டியை நிரப்பிவிடும். மணி அழுத்தம், மனித உருவம் ஆகிய இரண்டை மட்டும் தூண்டுதலாக வையுங்கள். காட்டெருமை வந்துபோனால் தெரியாதே என்றால், அதைக் காலையில் தோட்டத்தில் பதிந்த குளம்புத் தடங்களே சொல்லிவிடும்.

ரூட்டர், ராஸ்பெர்ரி பை, வாசல்மணி மூன்றையும் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டு, தினமும் மாலை 7 மணிக்கு ஒரு நிழற்படம் மட்டும் வரும்படி இன்னொரு விதியும் எழுதிவையுங்கள். அது வராத நாளில், மலையேறுவதற்கு முன் பக்கத்து எஸ்டேட் காவலாளியை அழைத்து மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.