மழை நாளில் பனியாறு பார்ப்பது எப்படி? (சோல்ஹெய்மயோகுல், ஐஸ்லாந்து)

ஐஸ்லாந்தின் தெற்குப் பக்கம் போகிறவர்கள், மழை என்றதும் பயணத் திட்டத்திலிருந்து முதலில் அடிப்பது பனியாற்றைத்தான் (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டி). அவசரப்பட வேண்டாம். வெயில் பட்டால் பனிக்கட்டியின் மேற்பரப்பு பொரிந்து வெளுத்துவிடும். நல்ல மழை அதைக் கழுவிவிட்டால் உள்ளே இருக்கும் நீலம் பளிச்சென்று தெரியும்.

படி 1: மழையை விடுங்கள், காற்றைப் பாருங்கள்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஐஸ்லாந்து வானிலை நிறுவனத்தின் தளத்தில் காற்றின் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று இருக்கும். 20 என்று பார்த்ததும் நம் மூளை அதை மணிக்கு 20 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, 'இது ஒரு காற்றா' என்று கிளம்பச் சொல்லும். 3.6-ஆல் பெருக்குங்கள்: மணிக்கு 72 கிலோமீட்டர்! என் கணக்கு இது: 10 வரை நிம்மதியாகப் போகலாம், 15 என்றால் யோசிக்கலாம், 20 என்றால் அறையிலேயே இருக்கலாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

படி 2: போய்ச் சேருவது

சோல்ஹெய்மயோகுல் பனியாறு, தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து நாட்டைச் சுற்றிவரும் ரிங் ரோட்டில் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர். ஸ்கோகாஃபோஸ் அருவியைத் தாண்டிய பிறகு இடதுபுறம் 221-ஆம் எண் சாலை பிரியும். அதன் முடிவில் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது.

படி 3: உடை

குடையை எடுக்கவே எடுக்காதீர்கள். இந்தக் காற்றில் அது நிற்காது. ஜீன்ஸும் கூடாது. பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட், பேன்ட். விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்கிவிட்டு மழை பேன்ட்டில் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் பேன்ட்தான் முக்கியம். அதன் கால் பகுதி பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே செருகினால் மழை நீர் வழிந்து நேராகச் சாக்ஸுக்குப் போகும். கையுறை இரண்டு ஜோடி எடுங்கள், ஒன்று கண்டிப்பாக நனையும்.

படி 4: எதுவரை போகலாம்

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஏரி வரும். பனியாறு பின்வாங்கியதால் உருவான ஏரி இது. அருகிலுள்ள ஊர்ப் பள்ளி மாணவர்கள் 2010 முதல் ஆண்டுதோறும் அந்தப் பின்வாங்கலை அளந்து வருகிறார்கள். பனியில் தெரியும் கறுப்புக் கோடுகள் அழுக்கல்ல, எரிமலைச் சாம்பல்.

வழிகாட்டி இல்லாமல் பனிமேல் ஏறாதீர்கள். மழையில் வழுக்குவதோடு, எங்கே வெடிப்பு இருக்கிறது என்பது புதியவர் கண்ணுக்குத் தெரியாது. வழிகாட்டியோடு போனால் கிராம்பான் (பூட்ஸுக்கடியில் மாட்டும் இரும்பு முட்கள்), ஹெல்மெட் எல்லாம் அவர்களே தருவார்கள். வெறும் மழைக்காகப் பொதுவாக நடையை ரத்து செய்யமாட்டார்கள்.

இங்கிருந்து ஓடும் ஆற்றில் சில நேரம் அழுகிய முட்டை நாற்றம் வரும். மேலே பனிக்கடியில் காட்லா எரிமலை இருக்கிறது, கந்தக வாயு அங்கிருந்து வருவது. 1999-இல் இந்த ஆற்றில் திடீர் வெள்ளமே வந்தது. நாற்றம் பலமாக இருந்தால் பள்ளத்தில் நிற்காமல் மேட்டுக்கு வந்துவிடுங்கள். அவசர எண் 112.

படி 5: படம்

லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணி நாலைந்து. அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: கண்ணாடி அணிபவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஜாக்கெட் தலைமூடிக்குள் விளிம்பு வைத்த தொப்பி ஒன்றைப் போடுங்கள், துளி நேராகக் கண்ணாடியில் விழாது.

இன்னொருவருக்கு வாடகைக் காரின் கதவைக் காற்று வளைத்துவிட்டதாம். அந்தச் சேதத்தைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. அதனால் வண்டியின் முகம் காற்றை எதிர்நோக்கும்படி நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள்.