பேலட் டிரக் தூக்கவில்லையா? முதலில் காற்றை வெளியேற்றுங்கள்

கிடங்கில் சுமைப் பலகைகளைத் தூக்கி நகர்த்தும் கைவண்டியான ஹேண்ட் பேலட் டிரக்கின் கைப்பிடியை எவ்வளவு அடித்தாலும் ஃபோர்க் (சுமையைத் தாங்கும் இரண்டு நீளக் கரங்கள்) எழும்பவில்லை என்றால், உடனே சீல் கிட் (பம்பின் ரப்பர் சீல்கள் அடங்கிய மாற்றுத் தொகுப்பு) வாங்க ஓடாதீர்கள். வண்டியைப் படுக்க வைத்து லாரியில் ஏற்றியிருந்தால் பம்புக்குள் காற்று புகுந்திருக்கும். சுமை இல்லாமல், கைப்பிடியில் உள்ள விரல் லிவரை இறக்கும் நிலையில் பிடித்தபடியே கைப்பிடியை 10 முதல் 15 முறை முழுசாக மேலும் கீழும் அடியுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஃபோர்க் பாதி உயரத்தோடு நின்றுவிட்டால் எண்ணெய் குறைவு. ஃபோர்க்கை முழுக்க இறக்கிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். பொதுவாக ஐஎஸ்ஓ விஜி 32 (எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கும் தரம்) ஹைட்ராலிக் ஆயில் பொருந்தும். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயில் வேண்டாம். ரப்பர் சீல் உப்பிக் கெட்டுப்போகும்.

காலி வண்டி தூக்குகிறது, சுமையோடு தூக்கவில்லையா? வண்டியின் தகட்டில் உள்ள எடை அளவைப் பாருங்கள். 2,500 கிலோ வண்டியில் அதற்கு மேல் ஏற்றினால் ரிலீஃப் வால்வு (அதிக அழுத்தத்தில் திறக்கும் பாதுகாப்பு வால்வு) திறந்து எண்ணெயைத் திருப்பிவிடும். அந்த வால்வை முறுக்கி இறுக்குவது ஆபத்தான வேலை, செய்யவே கூடாது.

தூக்கிய சுமை தானாக இறங்கினால், விரல் லிவரை பம்போடு இணைக்கும் சங்கிலி இறுகி, இறக்கும் வால்வைத் திறந்தே வைத்திருக்கலாம். சங்கிலியின் அட்ஜஸ்டிங் நட்டைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால்தான் சீல் கிட்.