டிஸ்கரேஜ்ட்: சறுக்கும் இடங்கள்

மதிப்பெண் குறைந்த மாணவர் 'ஐ ஆம் டிஸ்கரேஜிங்' என்று எழுதினால், பிறர் ஊக்கத்தைக் கெடுக்கும் ஆள் என்று தன்னையே சொல்லிக்கொள்கிறார். மனம் தளர்ந்தவர் டிஸ்கரேஜ்ட்; தளரவைத்த மதிப்பெண்தான் டிஸ்கரேஜிங். 'தி மார்க்ஸ் வேர் டிஸ்கரேஜிங், ஸோ ஐ ஃபெல்ட் டிஸ்கரேஜ்ட்' என்பதே சரி.

'டிஸ்அப்பாயின்டட்' போட வேண்டிய இடத்தில் இதைப் போடுவதும் உண்டு. ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால் அது வெறும் ஏமாற்றம். பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தும் பதில் வராமல், பதினொன்றாவதை அனுப்பக் கை எழவில்லையே, அதுதான் டிஸ்கரேஜ்ட். அடுத்த முயற்சிக்கான தெம்பு போயிற்றா என்று பாருங்கள்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 'டிஸ்கரேஜ்ட் வொர்க்கர்ஸ்' என்ற வகையும் இந்தப் பொருளில்தான். வேலை செய்ய விருப்பம் உண்டு, சேரவும் தயார், கடந்த 12 மாதங்களில் தேடியும் இருக்கிறார்கள். ஆனால் தங்களுக்கு வேலை இல்லை என்று நம்பி, கடைசி 4 வாரங்களாகத் தேடவில்லை. அதனால் வேலையில்லாதோர் கணக்கில் இவர்கள் வருவதில்லை. இதை 'ஊக்கமிழந்த தொழிலாளர்கள்' என்று மொழிபெயர்த்தால், வேலையில் இருந்துகொண்டே சுணங்குபவர்கள் என்று வாசகர் நினைத்துவிடுவார். 'வேலை தேடுவதைக் கைவிட்டவர்கள்' என்றால் குழப்பமில்லை.

'ஹி டிஸ்கரேஜ்ட் மீ டு அப்ளை' என்பது நன்றாகப் படித்தவர்களிடமும் வரும் பிழை. 'என்கரேஜ்' என்ற சொல்லுக்குப் பின் 'டு' வருகிறதே என்று எதிர்ச்சொல்லுக்கும் அதையே ஒட்டிவிடுகிறோம். இங்கே 'ஃப்ரம் அப்ளையிங்' என்றுதான் வர வேண்டும். தளர்ச்சிக்குக் காரணம் சொல்லும்போது 'பை': 'டிஸ்கரேஜ்ட் பை தி டிலே'.

அறிவிப்புகளில் வேறொரு வம்பு. 'மொபைல் யூஸ் இஸ் டிஸ்கரேஜ்ட்' என்றால் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது என்றுதான் பொருள், தடை இல்லை. தடை விதிப்பதானால் 'ப்ரொஹிபிடட்' என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் மீறியவரைக் கேள்வி கேட்க இடமிருக்காது. அலுவலக மெயிலில் 'ஸ்ட்ராங்லி' சேர்ந்து வந்தால் மட்டும், செய்யாதே என்றே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒருநாள் சோர்வுக்கு 'டிப்ரஸ்ட்' என்று எழுத வேண்டாம். அது மருத்துவர்கள் நோயைக் குறிக்கவும் வைத்திருக்கும் சொல்.

உச்சரிப்பில் அழுத்தம் நடு அசையில். கடைசி அசை 'ரேஜ்ட்' அல்ல, 'ரிஜ்ட்'. இந்தக் கட்டுரையில் உள்ளது நம் நாக்குக்குப் பழகிய எழுத்துக்கூட்டல்தான். நேர்முகத் தேர்வில் 'டிஸ்கரிஜ்ட்' என்று சொல்லுங்கள்.