வெளிநாட்டு மாணவரும் உள்ளூர் மாணவரும் ஒன்றாகக் கற்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலெக்டிவுக்கு (தாங்களே தெரிந்தெடுக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கு) வரும் வெளிநாட்டு மருத்துவ, தாதிய, இயன்மருத்துவ (பிசியோதெரபி) மாணவர்களை இங்குள்ள மாணவர்களோடு சேர்த்துப் படிப்பிக்கும் பொறுப்பைப் புதிதாக எடுப்பவர்கள், நாங்கள் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். நேரத்துக்கு வா, அடையாள அட்டை போடு, கை கழுவு என்பதையெல்லாம் இங்கே சொல்லவில்லை. கீழே இருப்பவை செய்யும்போது பிழையாகவே தெரியாதவை.

நோயாளி வீடுகளுக்குப் போகும் ஒரே வான் வண்டியில் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட சட்டகம், பல துறையினர் சேர்ந்து கற்கும் இந்தக் கற்றலுக்கு மூன்று நிபந்தனை வைக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும். வான் தருவது மூன்றாவதை மட்டும். மற்ற இரண்டும் வர வேண்டுமென்றால், எந்த ஒரு துறையும் தனியே முடிக்க முடியாத வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒரு குழுவில் 5 அல்லது 6 பேர், குறைந்தது மூன்று துறை. வெளிநாட்டவர் இருவருக்கு மேல் வேண்டாம். நால்வரை ஒன்றாக விட்டால் அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளூர் மாணவியை மொழிபெயர்ப்பாளராக்குவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அறுபது வயது கடந்த கடற்றொழிலாளி. சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். கிளினிக் கொப்பியில் மூன்று மாதமாகச் சீனி ஏறிக்கொண்டே போகிறது, மிக்ஸ்டார்ட் இன்சுலின் அளவும் கூடவே ஏறியிருக்கிறது. வெளிநாட்டு மருத்துவ மாணவர் கேட்கிறார், தாதிய மாணவி தமிழாக்குகிறாள்: "ஊசி ஒழுங்காப் போடுறீங்களா வாப்பா?"

அவர் சொல்கிறார்: "காலையில போடுறன் புள்ள. கடலுக்குப் போற அண்டைக்கு அந்திக்குப் போடுறல்ல. நடுக்கடல்ல மயக்கம் வந்தா ஆரு பாக்குற?"

மாணவி சுருக்கிச் சொல்கிறாள்: "காலையில் போடுகிறார், மாலையில் சில நாள் தவறுகிறது." குறிப்பேட்டில் "மருந்தை ஒழுங்காகப் பாவிப்பதில்லை" என்று விழுகிறது.

கடல் போய்விட்டது. பயம் போய்விட்டது. சாப்பாடும் வேலையும் எந்த நேரம் என்ற கேள்வியே எழவில்லை. அந்தக் குறிப்பை நம்பி யாராவது அளவை இன்னும் கூட்டி, அவரும் சொற்கேட்டு முழு அளவைப் போட்டுக்கொண்டு படகேறினால், அவர் பயந்த மயக்கம் நடுக்கடலில் உண்மையாகவே வரும். இதனால்தான் இதை விலை கூடிய பிழை என்கிறோம்.

இழப்பு அந்த மாணவிக்கும் உண்டு. அவளாகக் கேட்டிருந்தால் ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்த்திருப்பாள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலின் கீழ் கட்டியாகிவிட்டால், மருந்து ஒரு நாளைப் போல ஒரு நாள் உறிஞ்சப்படாது. குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கலக்குகிறாரா என்றும் பார்த்திருப்பாள். மிக்ஸ்டார்ட் கலங்கலான மருந்து. கலக்காமல் இழுத்தால் அளவு பிசகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு என்றால், ஈர மண்ணில் வைத்த முட்டியில் குப்பி இருக்கிறதா, வெயில் படும் யன்னலோரத்தில் இருக்கிறதா என்று கண் தானாகப் போயிருக்கும். திறந்த குப்பி 30 பாகைக்குள் ஏறத்தாழ நாலு வாரம் தாங்கும். ஆனால் திருகோணமலையின் ஜூன், ஜூலை நடுப்பகல் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். இவ்வளவும் தெரிந்தவளின் வாயை இன்னொருவரின் கேள்விகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டோம்.

செய்ய வேண்டியது இதுதான். மொழிபெயர்ப்புக்குக் குழுவில் இல்லாத ஒருவரை எடுங்கள். புறப்பட முன் 10 நிமிடம் அவரோடு பேசுங்கள்: நோயாளி சொன்னதை முழுதாகச் சொல்ல வேண்டும், சுருக்கக் கூடாது, இடையில் புத்தி சொல்லக் கூடாது.

ஆள் கிடைக்காவிட்டால் முறையைத் தலைகீழாக்குங்கள். முதல் 20 நிமிடமும் உள்ளூர் மாணவர்களே தமிழில் கதைக்கட்டும். வெளிநாட்டவர் பார்த்து எழுதட்டும்: படி எத்தனை, கிணறு எவ்வளவு தூரம், எந்தக் காலில் பாரம் போடுகிறார், மருந்து எங்கே இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு நிமிடச் சுருக்கம். அப்போது வெளிநாட்டவருக்கு இரண்டு கேள்வி, அதற்கு மேல் இல்லை. பிறகு முற்றத்துக்கு வந்து, தன் துறைக்குத் தெரிந்த முதன்மையான பிரச்சினை ஒன்றை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

கந்தளாய், சேருவில பக்கம் சிங்கள வீடுகளுக்குப் போகும்போது தமிழ் மாணவர்களே வெளிநாட்டவர் ஆகிவிடுகிறார்கள். அங்கேயும் இதே முறைதான். அன்றைக்குத்தான் பலருக்கு இது உறைக்கும்.

மருத்துவ மாணவரை முதலில் பேச விடுவது

அவர் பேசி முடித்தபின் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். "சேர்" இருக்கும் இடத்தில் தாதிய மாணவி மறுத்துப் பேசும் பழக்கம் எங்கள் வாட்டுகளில் இல்லை. எனவே வரிசையை நீங்களே போடுங்கள்: தாதியம், இயன்மருத்துவம், மருந்தாளர், கடைசியில் மருத்துவம். அறிக்கை நாலு தலைப்பில் அரைப் பக்கம்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. வழிநடத்துபவர்களில் ஒருவராவது மருத்துவர் அல்லாதவராக இருக்க வேண்டும்.

சித்த மருத்துவ மாணவர்களைக் காட்சிப்பொருளாக்குவது

கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, அங்கே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு நாடி பார்த்துக் காட்டச் சொல்லி, படமெடுத்து, அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது வீண். வீட்டில் குடிக்கும் பாவற்காய்ச் சாறு, வெந்தயம், கொத்தலஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையில் கடைந்த கோப்பையில் ஊறவைத்த தண்ணீர் எல்லாவற்றையும் பட்டியலிடும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். இவையும் சீனியைக் குறைக்கக்கூடியவை, மாத்திரையோடு சேரும்போது கவனம் வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டர் ஏசுவார் என்று அங்கே மறைப்பதை நோயாளி இவர்களிடம் மறைப்பதில்லை.

திகதி

முதலில் உள்ளூர்ப் பரீட்சை அட்டவணை, பிறகு விமானச் சீட்டு. மருத்துவ, தாதிய மாணவர்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதென்றால் மட்டக்களப்பிலிருந்து ஏ15 வீதியால் வர வேண்டும், தங்குமிடமும் வேண்டும்.

எல்லை

சொந்த நாட்டில் செய்ய அனுமதி இல்லாததை இங்கேயும் செய்யக் கூடாது.

கட்டிலைச் சுற்றி ஆறு பேர்

நோயாளியின் கட்டிலருகே இருவர் போதும்.

சான்றிதழ்

வந்தவருக்குக் கொடுப்பது இங்கிருப்பவருக்கும். இருவருக்கும் ஒரே மணித்தியாலக் கணக்கு, ஒரே கையொப்பம்.

வீட்டுக்குப் பதில் சொல்லாமல் விடுவது

கலந்துரையாடல் அன்றே, வான் புறப்பட முன், 20 நிமிடம். அடுத்த நாளுக்குத் தள்ளினால் பாதிப் பேர் வாட்டில் நிற்பார்கள். அந்தி ஊசியைக் கடல் நாளில் என்ன செய்வது என்பதை மாணவர்கள் முடிவு செய்ய முடியாது. அரைப் பக்க அறிக்கை கிளினிக் மருத்துவர் கைக்குப் போக வேண்டும், பிரதி ஒன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. கிளினிக் மருத்துவர் சொல்லும் பதிலோடு ஒரு வாரத்துக்குள் ஒருவர் அந்த வீட்டுப் படியேற வேண்டும். வந்தவர்கள் பறந்துவிடுவார்கள், ஆகவே அது உள்ளூர் மாணவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவர் பெயரையும் போகும் திகதியையும் எழுதாமல் வானை எடுக்க விடாதீர்கள்.